நிமிர்ந்து நின்ற பை

மூணாங்கொல்லைக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அவர்களிடம் இருக்கிற ஒரே கோளாறு அதுதான். ஒருதடவை பஸ் கண்டக்டர் "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்க, இவர்களும் முன்னாடி போய்க்கொண்டே இருந்து, முன்படி வழியாக இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் நடந்தே டவுன் போய்ச் சேர்ந்தார்கள். டிரைவர் எதற்காக வழிநெடுக ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார் என்பது அவர்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த ஊரில் நாலு பேர் தோல் வேலை பழகியிருந்தார்கள். தலைவர் சூசை செருப்பு தைப்பார். ஒச்சப்பன் பெல்ட் வெட்டுவான். நிலைப்படியில் நெற்றி இடிக்காமல் அவன் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை. மங்கைக்கரசி மணிபர்சும் கைப்பையும் தோள்பையும் செய்வாள். வைரக்கண்ணு பயணப்பை தைப்பான். தைப்பான் என்றால், இதுவரை ஒன்று தைத்திருக்கிறான். எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்லாததால் வாங்கிய தோல் தீரும்வரை தைத்துவிட்டான். மழைக்காலத்தில் அடுத்த வீட்டு ஆடு அதற்குள் குட்டி போட்டு, குட்டிகள் துள்ளப் பழகும்வரை அங்கேயே குடியிருந்தது. ஆட்டுக்குப் பை ரொம்பப் பிடித்துப்போயிற்று. மனிதர்கள்தான் யாரும் வாங்கவில்லை.

இதில் வைரக்கண்ணுவுக்கு ஒரு பெரிய சங்கடம். அவனுக்கு மங்கைக்கரசி மேல் உயிர். அவளிடம் நேராகவே போய்ச் சொல்லிவிட்டான். அவள் ஊசியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

"முன்னபின்ன தெரியாத ஒருத்தர் உன் பையை வாங்கணும். வாங்கிட்டுத் திருப்பிக் கொண்டாந்து குடுக்கக் கூடாது. அப்படி நடந்தா மறுநாளே பரிசம் போட ஆள் அனுப்பு."

அன்றிலிருந்து வைரக்கண்ணு சரியாகச் சாப்பிடவில்லை. ஊரில் எல்லோருமே தெரிந்தவர்கள். முன்பின் தெரியாதவருக்கு எங்கே போவது?

அப்போதுதான் டவுன் பள்ளிக்கூட மைதானத்தில் கைவினைப் பொருட்காட்சி வந்தது. மூணாங்கொல்லைக்கும் ஒரு கடை ஒதுக்கினார்கள். கடை போடும் முன்பு ஒரு மேடம் எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்.

"பொருள் நல்லா இருந்தா மட்டும் போதாது, வைக்கிற விதம் இருக்கு. வாங்க வர்றவங்களோட கண் உயரத்துல பொருள் இருக்கணும். ஒண்ணு மேல ஒண்ணு குவிக்காதீங்க, சுத்தி நிறைய இடம் விடுங்க. முக்கியமா, பையை வெறும் பையா வைக்காதீங்க. தொங்கிப் போன பையை யாரும் வாங்கமாட்டாங்க. உள்ள எதையாவது அடைச்சு நிமிர்த்தி வைங்க."

வைரக்கண்ணு மூன்றையும் மனப்பாடம் செய்தான். ராத்திரி தூக்கத்திலும் அவன் உதடு அசைந்துகொண்டே இருந்ததாகச் சூசை சொன்னார்.

காலையில் முதல் சிக்கல் வந்தது.

"கண் உயரம்னா யாரு கண்ணு?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

"வாங்குறவங்க கண்ணு."

"அவங்க இன்னும் வரலியே. வராத ஆளோட கண்ணை எப்படி அளக்கிறது?"

நியாயமான கேள்வி. ஆள் வந்தபிறகு அளந்துகொள்ளலாம் என்று முடிவாயிற்று. எல்லாப் பொருளையும் ஒரு மூங்கிலில் கட்டி, மூங்கிலின் இரண்டு முனையிலும் கயிறு போட்டுக் கூரைச் சட்டத்தில் மாட்டி, ஒரு கயிற்றைச் சூசையும் மறு கயிற்றை ஒச்சப்பனும் பிடித்துக்கொண்டார்கள். ஆள் வந்தால் வைரக்கண்ணு அவர் மூக்கருகே குச்சியை நிறுத்திக் கண்ணை அளந்து, "இன்னும் ஒரு சாண் இறக்கு" என்பான். மூங்கில் இறங்கும். முதலில் வந்த ஆசிரியர் பொறுமையாக நின்றார். அவருக்குப் பக்கத்தில் அவர் மகள் வந்து நின்றாள். மூங்கில் பாதி தூரம் போய்விட்டு, யார் கண்ணுக்குப் போவது என்று தெரியாமல் ஆடியது. பிறகு ஆசிரியரின் மனைவியும் வந்து சேர்ந்தார். மூங்கில் ஏறி இறங்கிய வேகத்தில் ஒரு செருப்பு கழன்று ஆசிரியரின் வழுக்கையில் விழுந்தது. அவர்கள் ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்கள்.

"பொருளை ஏத்தி இறக்கறது தப்பு," என்றார் சூசை, கயிறு அறுத்த கையை ஊதிக்கொண்டே. "ஆளைத்தான் சரி பண்ணணும்."

"ஆளை எப்படிண்ணே இறக்குறது?"

"ஆளு எது மேல நிக்குறான்? தரை மேல. தரையை இறக்கினா ஆளும் தன்னால இறங்கிருவான்."

எல்லோரும் அவரைப் பெருமையோடு பார்த்தார்கள். கடைக்கு முன்னால் உயரமானவர்களுக்கு ஒரு குழி, குட்டையானவர்களுக்குப் பக்கத்திலேயே அந்த மண்ணில் ஒரு மேடு. வேலை மும்முரமாக நடந்தது. முதலில் அந்தக் குழிக்குள் விழுந்தவர் பொருட்காட்சிக் காவலாளி. விழுந்த இடத்தில் அவர் கண் சரியாக மூங்கில் உயரத்துக்கு வந்தது. அதை வைரக்கண்ணு சந்தோஷமாக எடுத்துச் சொன்னான். அவர் வெளியே வந்து சொன்னதை இங்கே எழுத முடியாது. குழியை மூடிவிட்டு, எல்லாவற்றையும் மேசை மேல் வைத்தார்கள்.

வைத்தபிறகுதான் வைரக்கண்ணு தன் பையைக் கவனித்தான். அது மேசை மேல் பாதியும் கீழே பாதியுமாக மடிந்து கிடந்தது. அவன் மேடத்தின் பாடத்தை ஒப்பித்தான்.

"உள்ள அடைக்கணும். அடைக்கலைன்னா யாரும் வாங்கமாட்டாங்க. எதை அடைக்கிறது?"

"பேப்பர்?" என்றான் ஒச்சப்பன்.

சூசை தலையை ஆட்டினார். "பேப்பர்ல எத்தனை பேரு போட்டோ இருக்கு. அவங்களை ஒரு வார்த்தை கேக்காம கசக்கிப் பைக்குள்ள போடறது மரியாதையா?"

"பழந்துணி?"

துணி என்று அவர்களிடம் இருந்தது உடுத்தியிருந்தது மட்டும்தான். ஒச்சப்பன் வேட்டி முடிச்சில் கை வைத்துவிட்டான். மங்கைக்கரசி முறைத்ததில் கையை எடுத்துக்கொண்டான்.

"என் கைப்பையும் தொங்குது," என்றாள் அவள். "முதல்ல அதுக்கு வழி சொல்லுங்க. நான் என் பர்ஸையெல்லாம் அதுக்குள்ள போடப்போறேன்."

போட்டாள். கைப்பை கும்மென்று நிமிர்ந்தது. அவ்வளவுதான், எல்லோருக்கும் வழி பிடிபட்டுவிட்டது. பெல்ட்டுகளைச் சுருட்டிச் செருப்புகளுக்குள் செருகினார்கள். செருப்புகளைத் தோள்பைகளுக்குள் போட்டார்கள். தோள்பை, கைப்பை எல்லாவற்றையும் வைரக்கண்ணுவின் பைக்குள் அடுக்கி, ஒச்சப்பன் மேலே ஏறி மிதித்து ஜிப்பை இழுத்தான். பை கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தது.

மேசை காலி. மேசையில் ஒரே ஒரு பை. சுற்றி வேண்டிய மட்டும் இடம். மேடம் சொன்னதெல்லாம் ஒரே அடியில் நிறைவேறிவிட்டதைப் பார்த்து வைரக்கண்ணுவுக்குக் கண் கலங்கியது.

அந்த வழியாக வந்த மேடமும் நின்றுவிட்டார். "கடை முழுக்க ஒரே ஒரு பொருளா? எவ்வளவு துணிச்சல்" என்று போட்டோ எடுத்துக்கொண்டார். மேடம் நின்றதைப் பார்த்துப் பத்துப் பேர் நின்றார்கள். ஒரே பையை வைத்துக் கடை போட்டிருக்கிறார்கள் என்றால் அது லேசுப்பட்ட பையாக இருக்காது என்று கூட்டம் பேசிக்கொண்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தணிகாசலம் என்று ஒருவர் வந்தார். குடும்பத்தோடு காசிக்குப் புறப்படுகிறார். ஆளுக்கொரு பெட்டி தூக்கித் தொலைப்பதைவிட எல்லோருக்கும் சேர்த்து ஒரே பையாக வாங்கலாம் என்பது அவர் யோசனை. பையைத் தூக்கிப் பார்த்தார். தூக்க முடியவில்லை.

"என்னப்பா, இந்தக் கனம் கனக்குது?"

"கெட்டித் தோலு சார்," என்றான் வைரக்கண்ணு.

அவர் ஜிப்பைக் கொஞ்சம் திறந்தார். "உள்ள ஏதோ இருக்கே."

"அது ஒண்ணுமில்ல சார், தொங்காம இருக்க அடைச்சது."

ஒண்ணுமில்லை என்றால் குப்பைக் காகிதமாக இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். பேரம்கூடப் பேசாமல் பணம் கொடுத்து, இரண்டு ஆள் வைத்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். போகிறபோது வைரக்கண்ணு அவரிடம் மூன்று தடவை கேட்டுக்கொண்டான்: "சார், உங்களை நான் இதுக்கு முன்ன பார்த்ததே இல்லையே?" அவர் இல்லை என்றார். வைரக்கண்ணு மங்கைக்கரசியைத் திரும்பிப் பார்த்தான். அவளும் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டாள். அவனுக்கு அப்போதே பந்தல் போட்டு மேளம் அடிக்கிற மாதிரி இருந்தது.

சந்தோஷம் கொஞ்ச நேரம் நீடித்தது. பிறகு ஒச்சப்பன், "சரி, இனி நம்ம பொருளை எடுத்து வைப்போம்" என்றான்.

மேசைக்கு மேலே பார்த்தார்கள். கீழே பார்த்தார்கள்.

"நம்ம பொருளு எங்க?" என்றாள் மங்கைக்கரசி.

"பைக்குள்ள."

"பை எங்க?"

"வித்துப்போச்சு."

சூசை ரொம்ப நேரம் தாடையைத் தடவினார். "அப்ப நம்ம பொருளும் வித்துப்போச்சுன்னுதான அர்த்தம்?"

"வித்திருந்தா காசு எங்கண்ணே?"

"தலையணை வாங்குறவன் பஞ்சுக்குத் தனியா காசு குடுப்பானா? நாம பஞ்சாப் போயிட்டோம் தங்கச்சி."

மங்கைக்கரசிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வாக்கு வாக்குதான். பை விற்றுவிட்டது, திரும்பி வராத வரைக்கும் வைரக்கண்ணுதான் மாப்பிள்ளை. அன்று ராத்திரி மூன்று பேர் பை திரும்பி வரவேண்டும் என்றும், ஒருவன் வரக்கூடாது என்றும் ஒரே சாமியைக் கும்பிட்டார்கள்.

சாமி மூன்று பேர் பக்கம் சாய்ந்தது. மறுநாள் காலையில் தணிகாசலம் மனைவியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். இரண்டு ஆள் பையைத் தூக்கி மேசை மேல் வைத்தார்கள்.

"தம்பி, கடைச் சாமான் முழுக்க உள்ளேயே விட்டுட்டீங்க. எடுத்துக்குங்க. எனக்குப் பை போதும்."

நல்ல மனுஷன். வைரக்கண்ணுவுக்கு மட்டும் அவர் எமனாகத் தெரிந்தார். பையின் மேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டான்.

"எடுக்கக் கூடாது. வித்ததுல ஒரு பெல்ட்டைத் திருப்பி வாங்கினாலும் பை திரும்பி வந்த கணக்குத்தான். என் கல்யாணம் நின்னுடும்."

"அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு," என்றார் சூசை. "வித்த பொருளைத் திருப்பி வாங்கறதில்லைன்னு எல்லாக் கடையிலயும் எழுதிப் போட்டிருக்கான்."

"சும்மாதானே குடுக்கிறேன்?" என்றார் தணிகாசலம்.

"நாங்க என்ன பிச்சைக்கா வந்தோம்?" என்றாள் மங்கைக்கரசி. "திருப்பி வாங்கத்தானே கூடாது. காசு குடுத்துப் புதுசா வாங்கலாமில்ல? விலையைச் சொல்லுங்க."

தணிகாசலம் வாயைத் திறந்தார். அவர் மனைவி அவர் கையை அழுத்தினார். "வாங்கறேன்னு வர்றவங்களை ஏங்க விரட்டறீங்க? உக்காருங்க."

அப்படியாக, தணிகாசலமும் மனைவியும் மேசைக்கு உள்பக்கம் உட்கார்ந்தார்கள். மூணாங்கொல்லைக்காரர்கள் வெளிப்பக்கம் வரிசையில் நின்றார்கள். ஒச்சப்பன் தன் பெல்ட்டைத் தானே எடுத்து வளைத்துப் பார்த்து, "வெட்டு கோணலா இருக்கு, எவன் செஞ்சது இது?" என்றான். சூசை செருப்பைப் போட்டு நடந்து பார்த்துவிட்டு, பெருவிரல் கடிக்கிறது என்று வேறு ஜோடி கேட்டார். மங்கைக்கரசி பேரம் பேசிய அழகுக்கு அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களே எழுந்து வந்தார்கள். இரண்டு தடவை கோபித்துக்கொண்டு போவது போலப் போய், கூப்பிடாமலே திரும்பி வந்தாள். கடைசியில் தன் பர்ஸ் முழுவதையும் தான் விற்க நினைத்த விலையில் பாதிக்கு வாங்கி, ஆள் ஏமாந்துவிட்டார் என்று சூசையின் காதில் சொன்னாள். பொருட்காட்சியில் அன்று இவ்வளவு வியாபாரம் வேறெந்தக் கடையிலும் நடக்கவில்லை.

இப்போது பைக்குள் ஒன்றுமில்லை. அது மெல்ல மடிந்து, மேசையிலிருந்து வழிந்து கீழே தொங்கியது.

தணிகாசலத்தின் மனைவி அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "நேத்து நல்லா நிமிர்ந்து நின்னுதேங்க. இது சரியில்லை. திருப்பிக் குடுத்துட்டுக் காசை வாங்குங்க."

வைரக்கண்ணு பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தான். மங்கைக்கரசி தன் பர்ஸுகளை எண்ணிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றாள். அவள் இதைக் கேட்கவில்லை. கேட்பதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். அடைக்கக் காகிதம் கிடையாது, துணி கிடையாது, பொருள் எல்லாம் விற்றுப்போயிற்று. அங்கே மிச்சம் இருந்தது அவன் மட்டும்தான். ஜிப்பைத் திறந்தான், முழங்காலை மடக்கி உள்ளே இறங்கினான், தலையைக் குனிந்துகொண்டு உள்ளேயிருந்தே ஜிப்பை இழுத்துக்கொண்டான்.

பை நிமிர்ந்தது. நேற்றைவிட அழகாகவே நிமிர்ந்தது.

"இப்பச் சரி" என்று தணிகாசலத்தின் மனைவி சொல்வது உள்ளே இருட்டில் கேட்டது. தணிகாசலத்துக்கோ காசிக்குப் போகாமலே எல்லாப் பற்றும் விட்டுப்போயிருந்தது.

வெளியே பர்ஸை எண்ணி முடித்த மங்கைக்கரசி நிமிர்ந்து பார்த்தாள். காலி மேசையில் ஒரே ஒரு பை, கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. வாங்கின சுறுசுறுப்பு அவள் கையை விட்டு இன்னும் போகவில்லை. கிட்டே வந்து பையைத் தட்டிப் பார்த்தாள். வைரக்கண்ணு மூச்சை அடக்கிக்கொண்டான். அவள் கை பட்டது அவன் தோளில்தான். அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"இந்தப் பை என்ன விலை சார்?" என்றாள்.

தணிகாசலம் சோர்ந்துபோய் ஒரு விலை சொன்னார்.

"அவ்வளவா? தையல் கோணல், ஜிப்பு இழுக்குது, உள்ள வேற என்னத்தையோ போட்டு அடைச்சிருக்கீங்க." அவள் இன்னொரு தட்டு தட்டினாள். "சரி, ஒரே பேச்சு. உள்ள இருக்கிறதை நீங்களே எடுத்துக்குங்க. வெறும் பையை மட்டும் குடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?"

பைக்குள்ளிருந்து பதறிப்போய் ஒரு குரல் வந்தது.

"குடுத்துராதீங்க சார். வெறும் பை தொங்கிடும். அவ திருப்பிக் கொண்டாந்துருவா."