நுனி முடியாத சடை

தூக்கணாங்குருவியைப் பார்த்துத்தான் மனிதர்கள் பின்னக் கற்றுக்கொண்டார்கள் என்று பலர் நம்புகிறார்கள். நன்றாகப் படித்தவர்களும் இதைக் கூசாமல் சொல்கிறார்கள். இந்தப் பிழையை இனியும் பொறுத்துக்கொள்வதற்கில்லை. கற்றுக்கொடுத்தது மனிதர், கற்றுக்கொண்டது குருவி. அதுவும் முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்தில், பறவையும் பாம்பும் மனிதரோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, இந்தக் குருவிக்குத் தூக்கணம் என்ற பட்டமே கிடையாது. கிளைமேல் கிண்ணம் போலக் கூடு வைத்துக்கொண்டிருந்தது. மஞ்சத்தலையன் என்ற ஆண்குருவியின் கூடு, கிணற்றின்மேல் சாய்ந்த கருவேலமரத்தில் இருந்தது. அதே மரத்தில் ஏறிய சாரைப்பாம்பு இரண்டு முறை முட்டைகளை விழுங்கிவிட்டது.

"மூணாவது தடவையும் சாரைக்கு விருந்து வச்சீன்னா, நான் வேற கூடு பார்த்துக்கறேன்" என்றாள் அவனுடைய பெட்டை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

அந்த மரத்தடியில்தான் காத்தாயி மணப்பெண்களுக்குச் சடை பின்னுவாள். அவள் பின்னிய சடையோடு பெண்கள் ஓடினார்கள், குதித்தார்கள். சடை ஆடியதே தவிர அவிழவில்லை. மஞ்சத்தலையன் இறங்கி வந்தான்.

"அக்கா, எனக்கும் சொல்லிக்கொடு."

"வாயால பின்னப் போறியா? சரி, பாரு. இது ரெண்டு புரி, முறுக்கினா போதும். இது மூணு கால் பின்னல்."

"எனக்கு ரெண்டு கால்தானே அக்கா?"

"உன் காலை யாருடா கேட்டா? பிரிச்ச முடிக்குத்தான் கால்னு பேரு!"

தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடம் தளும்பச் சிரித்தார்கள். அவன் கவலைப்படவில்லை. கோரைப்புல்லைக் கிழித்து மூன்று கால் பின்னினான். நாலு கால் பின்னும்போது அலகு சிக்கியது. காத்தாயிதான் பிரித்து விட்டாள். பத்தாம் நாள் ஐந்து கால் பின்னலும் படிந்தது.

"மேலேயிருந்து ஆரம்பி, கீழே இறங்கிக்கிட்டே வா. பிடியை விடாதே. நாளைக்கு நுனி முடியறது எப்படின்னு சொல்றேன். அதுதான் பாதி வித்தை."

"பின்னவே வந்துட்டுது. முடிச்சுப் போட ஒரு பாடமா?" என்று அவன் பறந்துவிட்டான்.

சடை மேலிருந்து கீழே தொங்குவது. ஆகவே அவனும் கூட்டைக் கிணற்றுக்கு மேலே நீண்ட கிளையில் கட்டிக் கீழ்நோக்கிப் பின்னினான். நடுவில் முட்டைக்காகக் கொண்டை போலப் புடைக்கவிட்டான். நுனிக்கு வந்ததும் விழித்தான். எப்படி முடிவது? இழுத்தான், சுற்றினான், நுனி வாயைப் பிளந்துகொண்டே நின்றது. அதற்குள் பெட்டை வந்துவிட்டாள்.

"வாசல் எங்கே?"

மஞ்சத்தலையன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "கீழே. இது புது மாதிரி."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழிருந்து உள்ளே ஏறினாள். முட்டையிட்டாள்.

நாலாம் நாள் பட்டப்பகலில் சாரை வந்தது. கூட்டின் தலைமாட்டில் வாசலைத் தேடியது. ஐந்து கால் பின்னல் ஊசிக்கும் இடம் விடவில்லை. "கதவைத் திறங்க, சொந்தக்காரன் வந்திருக்கேன்" என்றது.

"வாசல் கீழே இருக்கு, வாங்க" என்று மஞ்சத்தலையன் மரியாதையாக வழி சொன்னான்.

சாரை வழுவழுத்த பின்னலில் சறுக்கி நுனிக்கு வந்தது. முடியப்படாத கோரைகள் பிடிகொடுக்காமல் விலகின. தொபீரென்று கிணற்றில் விழுந்தது. தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் போட்ட கூச்சல் அடுத்த ஊருக்குக் கேட்டது. கூட்டுக்குள்ளிருந்து பெட்டை தலையை நீட்டி, "இனிமே எல்லாக் கூட்டையும் இப்படியே கட்டு" என்றாள்.

காத்தாயி அண்ணாந்து பார்த்தாள். "டேய், நுனியை முடியாம விட்டிருக்கியேடா!"

"அது ஆறு கால் பின்னல், அக்கா. வேணும்னா சொல்லிக்கொடுக்கறேன்" என்றான் மஞ்சத்தலையன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அன்று தொடங்கித்தான் தூக்கணாங்குருவியின் கூடு சடைபோலத் தொங்குகிறது, வாசலும் அடியில் இருக்கிறது. சாரைப்பாம்பு நீந்தக் கற்றுக்கொண்டதும் அன்றுதான்.