சடைச்சியின் இலைப்படம்

ஆவாரங்குளத்துக் காட்டில் சடைச்சி என்றொரு மந்தி இருந்தாள். அவளுக்கு ஒரு கைவேலை தெரியும். தேக்கங்கொழுந்தைக் கசக்கினால் சிவப்பாகச் சாறு வரும் அல்லவா? அந்தச் சாற்றில் விரலைத் தொட்டு, அகலமான தேக்கிலைகளில் படம் வரைவாள். முதல் இலையில் ஒரு தவளை உட்கார்ந்திருக்கும். அடுத்ததில் அதன் பின்கால் லேசாக நிமிரும். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். இப்படியே நூறு இலை. காம்புப் பக்கத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலால் சரசரவென்று விடுவாள். தவளை துள்ளிக் குளத்தில் குதிக்கும்.

வெயில் சாய்ந்ததும் காட்டுக் குட்டிகள் எல்லாம் நாவல் மரத்தடிக்கு ஓடிவிடும். பன்றிக்குட்டி, மான்குட்டி, முயல்குட்டி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு பார்க்கும்.

குளத்துக்குத் தலைவர் செங்கொம்பன் என்ற கடமான். பெரிய உருவம். அளந்துதான் பேசுவார். எந்த மிருகம் எந்தத் துறையில் தண்ணீர் குடிப்பது, எந்தச் சண்டைக்கு என்ன தீர்ப்பு, எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். இலைப்படத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "அது குட்டிகள் சமாச்சாரம்" என்று காதை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஒருநாள் காட்டுப்பன்றி மூக்காயி அவரிடம் வந்தாள்.

"தலைவரே, அந்த மந்தி புதுசா ஒரு கதை காட்டுறா. நீர்நாய்க் கதை. அதைப் பார்த்ததிலேருந்து எங்க வீட்டுல ஒரே அழுகை. குட்டிகளுக்குக் காட்டுறதுல அழுகை எதுக்கு? நீங்கதான் கேட்கணும்."

பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது செங்கொம்பனுக்குப் பழக்கமில்லை. ஆனால் ஒரு தலைவர் குட்டிகளோடு உட்கார்ந்து படம் பார்ப்பதா? காடே சிரிக்கும். அதனால் நாவல் மரத்துக்குப் பின்னால் இருந்த உண்ணிச்செடிப் புதருக்குள் புகுந்து, கிளைகளின் இடுக்கு வழியாகப் பார்த்தார்.

சடைச்சி இலைக்கட்டைக் கையில் எடுத்தாள். அண்ணன் தம்பியாக இரண்டு நீர்நாய்கள். ஈரப் பாறையில் வழுக்கித் தண்ணீருக்குள் விழுவதும், மறுபடி ஏறி வழுக்குவதுமாக ஒரே கும்மாளம். குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. செங்கொம்பனுக்கும் வாயோரம் லேசாக விரிந்தது. அதை அவர் உணரவில்லை.

பிறகு ஒரு மீன் வந்தது. யாருக்கு அந்த மீன் என்று சண்டை. அண்ணன் உறுமினான். தம்பி மீனை விட்டுவிட்டு ஆற்றில் மேல்நோக்கி நீந்திப் போய்விட்டான். அண்ணன் மீனை முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இலை மாற மாறச் சூரியன் இறங்கியது. மீன் அப்படியே கிடந்தது.

"தின்னேன்டா, கெட்டுப்போகுது!" என்று ஒரு பன்றிக்குட்டி கத்தியது. எல்லாக் குட்டிகளும் சிரித்தன.

செங்கொம்பனால் சிரிக்க முடியவில்லை.

அவருக்கும் ஒரு தம்பி உண்டு. பெயர் நெடுங்காலன். மலைச் சரிவில் உவர்மண் இருக்கும் இடத்தில், யார் முதலில் நக்குவது என்று இருவருக்கும் ஒருநாள் வாய்த்தகராறு வந்தது. "தலைவன் நான். ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் நீ வரக் கூடாது" என்று செங்கொம்பன் சொல்லிவிட்டார். மூன்று மழைக்காலம் போய்விட்டது. அவன் எப்படி இருக்கிறான் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் சொன்ன சொல் என்னாவது?

மறுநாளும் அவர் புதருக்கு வந்தார். விசாரணை இன்னும் முடியவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அதற்கடுத்த நாளும் முடியவில்லை. அவருடைய கொம்பு புதருக்கு மேலே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. குட்டிகள் பார்த்தன. ஆனால் ஒன்றும் வாய் திறக்கவில்லை. படம் நின்றுவிடுமோ என்ற பயம் அவற்றுக்கு.

ஐந்தாம் நாள் காலை, குளக்கரையில் கூட்டம். மூக்காயி மறுபடி எழுந்தாள்.

"இன்னைக்குக் கதையோட முடிவு காட்டப் போறாளாம். அதுவும் அழுகையாத்தான் இருக்கும். மாத்தச் சொல்லுங்க தலைவரே."

நல்ல கதை என்று சொல்ல செங்கொம்பனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால்? கரடி கரியன் உட்கார்ந்திருக்கிறான். முள்ளம்பன்றி கூர்மாயி உட்கார்ந்திருக்கிறாள். அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சடைச்சி, இது குட்டிகள் பார்க்கிற படம். சிரிப்பு மட்டும் இருக்கட்டும். பிரிவு, துக்கமெல்லாம் பெரியவங்க சங்கதி. பெரியவங்க யாரும் இதைப் பார்க்கிறதில்லை. அதனால அது வேண்டாம்."

சடைச்சி கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"பெரியவங்க யாருமே பார்க்கிறதில்லையா?"

கரியன் தன் நகத்தைப் பார்த்தான். கூர்மாயி வானத்தைப் பார்த்தாள்.

"சரி தலைவரே. மாத்திடறேன்" என்றாள் சடைச்சி. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் செங்கொம்பனை உறுத்தியது.

அன்று மாலை நாவல் மரத்தடியில் குட்டிகள் நிறைந்திருந்தன. செங்கொம்பன் எப்போதும்போல் புதருக்குள் இருந்தார். சடைச்சியிடம் இரண்டு கட்டு இருந்தது. ஒன்று கனமானது. இன்னொன்று ஒல்லியானது.

"இது நான் இருபது நாள் உட்கார்ந்து வரைஞ்ச முடிவு" என்று கனமான கட்டைக் காட்டினாள். "இது இன்னைக்கு மத்தியானம் வரைஞ்சது. தம்பி உடனே திரும்பி வந்து, ரெண்டு பேரும் மீனைத் தின்னுட்டுத் தூங்கிடுவாங்க. அதையே காட்டுறேன். பழைய முடிவு இங்கே யாருக்கும் வேண்டாமாம். ஓடையில விட்டுட்டு வர்றேன்."

கனமான கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தாள். பத்தடி நடந்திருப்பாள்.

"நில்லு."

புதர் குலுங்கியது. செங்கொம்பன் வெளியே வந்தார். கொம்பில் உண்ணிச்செடிக் கிளை மாட்டியிருந்தது. குட்டிகளின் கண் எல்லாம் அவர்மேல். அவருக்கு உடம்பு கூசியது. ஆனாலும் நின்றார்.

"அதை ஓடையில விடாதே. எனக்குப் பார்க்கணும். நான் தினம் வந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். காலையில கூட்டத்துல சொன்னது பொய்."

எதிர்ப்பக்கத்துச் சுண்டைச்செடி அசைந்தது. கரடி கரியன் தலையை நீட்டினான்.

"நான் தேன்கூடு தேடி வந்தேன்" என்றான்.

"சுண்டைச்செடியிலயா?" என்றாள் சடைச்சி.

கரியன் வெளியே வந்து குட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தான். கற்பாறைக்குப் பின்னாலிருந்து கூர்மாயி வந்தாள். ஈச்சம்புதரிலிருந்து இரண்டு பெண் மயில்கள் இறங்கின. கடைசியில், கோரைப்புல்லுக்குள் படுத்துக் கிடந்த ஒரு பெரிய உருவம் எழுந்து நின்றது. மூக்காயி.

"அம்மா!" என்றன அவள் குட்டிகள்.

மூக்காயி செங்கொம்பனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினாள்.

"வீட்டுல அழுகைன்னு சொன்னேன்ல தலைவரே. குட்டிங்க அழல. அதுங்க சிரிச்சுக்கிட்டுத்தான் வந்துச்சு. நான்தான் அழுதேன். எங்க அக்கா என்கிட்டச் சண்டை போட்டுட்டு மேற்கால போனவ, வரவே இல்லை. இந்த வயசுல இலையில வரைஞ்ச படத்தைப் பார்த்து அழறேனேன்னு வெட்கமாப் போச்சு. அதான் நிறுத்தச் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. சடைச்சி கனமான கட்டோடு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

இலைகள் சரசரத்தன. அண்ணன் நீர்நாய் மீனை விட்டு எழுந்தான். தம்பியைத் தேடி ஆற்றில் மேல்நோக்கி நீந்தினான். ஒரு மழை வந்தது, ஒரு கோடை வந்தது. அவன் மீசை நரைத்தது. கடைசியில் ஒரு மடுவுக்கு வந்து சேர்ந்தான். அங்கே தம்பி இல்லை. தம்பியின் சாடையில் இரண்டு குட்டிகள் ஈரப் பாறையில் வழுக்கி விளையாடிக்கொண்டிருந்தன. கிழ நீர்நாய் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அவனும் பாறையில் ஏறி, தட்டுத் தடுமாறி வழுக்கித் தண்ணீருக்குள் தொபுக்கென்று விழுந்தான்.

குட்டிகள் கைகொட்டிச் சிரித்தன. பின்வரிசையில் கரியன் மூக்கை உறிஞ்சினான். மூக்காயி தன் குட்டி ஒன்றை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

செங்கொம்பன் அங்கே இல்லை. கடைசி இலை விழும் முன்பே அவர் ஓடையை நோக்கிக் கிளம்பிவிட்டார். தம்பி அக்கரையில் இருக்கிறானா, அல்லது இந்தக் கதைபோலத் தாமதித்துவிட்டோமா என்ற பயம் அவர் காலைத் துரத்தியது. தண்ணீரில் இறங்கினார். அக்கரையில் ஏறினார்.

மூங்கில் புதரோரம் நெடுங்காலன் மேய்ந்துகொண்டிருந்தான். இளைத்திருந்தான். முன்னங்கால் ஒன்றைச் சற்று நொண்டினான். அண்ணனைக் கண்டதும் மேய்வதை நிறுத்தினான்.

வழியெல்லாம் யோசித்து வைத்த வார்த்தை ஒன்றுகூட செங்கொம்பனுக்கு நினைவில் இல்லை.

"ஒரு படம் பார்த்தேன்" என்றார்.

"என்ன படம்?"

"நீர்நாய்ப் படம். மந்தி ஒருத்தி இலையில வரைஞ்சு காட்டுறா. நாளைக்குத் திரும்பவும் முதல்லேருந்து காட்டச் சொல்றேன். நீ என்கூட வந்து பாரு."

நெடுங்காலன் அவரையே பார்த்தான்.

"இலைப்படமா? அது குட்டிங்க பார்க்கிறதாச்சே அண்ணே."

"அப்படித்தான் நானும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார் செங்கொம்பன். "கால்ல என்ன? மெதுவா வா. தண்ணி அதிகம் இல்லை."

மறுநாள் நாவல் மரத்தடியில் குட்டிகளுக்கு நடுவே இரண்டு கடமான்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. நீர்நாய்கள் பாறையில் வழுக்கியபோது நெடுங்காலன் வாய்விட்டுச் சிரித்தான். மீன் வந்தபோது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் தோளோடு தோள் ஒட்டியிருந்தது.

நல்ல படத்துக்கு வயசுக் கணக்கு கிடையாது. இது சின்னவர்களுக்கானது என்று ஒதுங்கிப் போகும் பெரியவருக்கே நட்டம்.