கொஞ்சம் சிரிங்க, பார்ப்போம்

"ஊருக்கே பல்லு பார்த்தவருங்க சாமி. கடைசியில பெத்த மகனைப் பார்த்து யாருன்னு கேட்டுட்டார்."

குமரேசன் இதைச் சொன்னபோது சாமியார் ஆசிரமத்துத் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். காவி கட்டுவதற்கு முன் அவர் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். சீடரான குமரேசனைவிட வயதில் சின்னவர். அதனால் இருவருமே ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக்கொள்வதில் கொஞ்சம் தாராளம்.

"உட்காருங்க ஐயா. மெதுவாச் சொல்லுங்க."

குமரேசன் உட்காரவில்லை.

பல் டாக்டர் நாச்சிமுத்து இறந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. மருத்துவமனையை மூடிய பிறகும் கோயில் கமிட்டி, நூலகம், ரத்ததான முகாம் என்று, ஞாபகம் தப்பிப்போகும்வரை ஊர் வேலையை விடாத மனிதர். மறுநாள் நூலகத்தில் அவருக்குப் படத்திறப்பு வைத்திருந்தார்கள். திறக்க வேண்டியவர் மகன். மகனோ வர முடியாது என்று சொல்லிவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறார்.

"பால்காரரைத் தெரிஞ்சுது. தையக்கடைக்காரரைத் தெரிஞ்சுது. பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிற அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். வாராவாரம் கோயமுத்தூர்ல இருந்து வந்து பக்கத்துல உட்கார்ந்த என்னை மட்டும் தெரியலைங்க. நான் அவருக்கு யாருமே இல்லையா சாமி?"

சாமியார் ஸ்பேனரைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"நானும் போய்ப் பார்த்தேன்" என்றார்.

"நீங்களா?"

"என் பல்லைப் பிடுங்கினது அவர்தானே. அது பட்டறைக் காலம். இப்பத் தாடி, காவி, வேற பேரு. எங்கம்மா இருந்தாக்கூட ஒரு நிமிஷம் யோசிப்பாங்க. வாசல்ல நின்னேன். 'யாருங்க?'ன்னார். சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம்னு கையைக் காட்டினார். 'பேரு எதுவும் நிக்க மாட்டேங்குதுங்க. கொஞ்சம் சிரிங்க, பார்ப்போம்'னார்."

குமரேசனின் முகம் சுண்டிப்போனது.

"சிரிச்சேன். கிட்ட வந்து பார்த்தார். 'அட, பட்டறை ரங்கநாதா! அந்தக் கோரைப்பல்லு என்ன அடம் பிடிச்சுது!'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டார். அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட இப்ப ஆளே இல்லைங்க."

குமரேசன் இப்போது உட்கார்ந்தார்.

"எல்லாரையும் அப்படித்தான் கண்டுபிடிச்சாரா?"

"எல்லாரையும்."

பக்கத்து அறையில் உட்கார்ந்து குமரேசன் கேட்ட சிரிப்புச் சத்தங்கள் கொஞ்சமா? வந்தவர்கள் எல்லாம் கிழவரோடு கும்மாளம் போடுகிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் எரிச்சல்பட்டிருந்தார்.

"உங்ககிட்டயும் கேட்டிருப்பாரே?" என்றார் சாமியார்.

"கேட்டார். யாரோ ஊர்க்காரன்கிட்டக் கேக்கிற மாதிரி, 'தம்பி, கொஞ்சம் சிரிங்க'ன்னார். போறப்பெல்லாம் அதே பேச்சு. எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வரும். எழுந்து வெளியே வந்துடுவேன்."

"சிரிக்கச் சொன்னா ஆத்திரமா?"

குமரேசன் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லில் பாதி போய்விட்டது. அப்பா அந்த மூலையைத் தங்கத்தில் கட்டினார். கட்டி முடித்ததும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்காலியில் ஏறப் பயந்து எந்தப் பிள்ளை அழுதாலும் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்.

"குமரேசா, வாடா! சிரிச்சுக் காட்டு!"

அழுத பிள்ளை வாய் பிளந்து பார்க்கும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதே பிள்ளை "அடகுக்கடை" என்று கூப்பிடும். ஒருநாள் அப்பா கூப்பிட்டபோது குமரேசன் போய் நின்றான், உதட்டைப் பிரிக்கவில்லை. அதன்பின் அப்பா முன்னால் பல் தெரியச் சிரித்ததே இல்லை. மீசை முளைத்ததும் அதையும் அடர்த்தியாக வளர்த்துக்கொண்டான். பிடிவாதத்தில் அப்பாவுக்குக் குறைந்தவன் இல்லை.

"அந்தப் பல்லு இப்ப?"

"இருக்குங்க."

"இன்னுமா? கோயமுத்தூர்ல டாக்டருக்கா பஞ்சம்? வெள்ளையா மாத்திக் கொடுத்திருப்பாங்களே?"

குமரேசன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"இன்னொருத்தர் அதுல கை வைக்கிறது... என்னமோ, மனசு வரலை."

சாமியார் எழுந்து போனார். குழாயடியில், திருநீறு பூசுகிறவர்களுக்காக ஒரு பழைய லாரிக் கண்ணாடியை மாட்டியிருந்தார். அதைக் கழற்றி வேட்டியில் துடைத்துக் கொண்டுவந்து குமரேசனின் கையில் கொடுத்தார்.

"தம்பி, கொஞ்சம் சிரிங்க."

குமரேசனைச் சாமியார் தம்பி என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

குமரேசன் உதட்டை விரித்தார். பழக்கமில்லாத வேலை. மீசையை ஒரு விரலால் ஒதுக்கிவிட வேண்டியிருந்தது.

தங்கம் அப்படியே இருந்தது. பல் எங்கே முடிகிறது, அப்பாவின் வேலை எங்கே தொடங்குகிறது என்று நகத்தால் தடவிப் பார்த்தார். நகம் எங்கேயும் தட்டவில்லை.

அழுகை வந்தது. வாயை மூட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஒரே ஒரு தடவை காட்டியிருந்தாப் போதுமே சாமி... அவரு கேட்டுக்கிட்டேதான இருந்தாரு..."

சாமியார் மோட்டாருக்குத் திரும்பினார். ஒரு போல்ட்டைத் தேடி எடுத்து, மாட்டி, முடுக்கினார்.

"நாளைக்குப் படத்திறப்பு எத்தனை மணிக்குங்க?" என்றார்.