அஞ்சலாட்சியோட மண்ணு

ஒரு ஊர்ல ஒரு கருவாட்டுக்காரி. பேரு அஞ்சலாட்சி. வீம்புன்னா வீம்பு, அப்படியொரு வீம்பு. "ம்" சொல்லு, இல்லன்னா நிறுத்திடுவேன்.

ம்.

அவ குடிசைக்கு முன்னாடி இம்மாம் பெரிய மணல்திட்டு. அதுலதான் வாளையும் நெத்திலியும் காயும். ஒரு வருஷம் கடலு சளப் சளப்புன்னு வந்து அந்த மணலை நக்க ஆரம்பிச்சுது. கடைசில வாசப்படிக்கு மூணே அடிதான் பாக்கி. காயப்போட இடமில்லாம மீனெல்லாம் நாறுது. வீடும் போயிடும், பொழப்பும் போயிடும். ஊர்க்காரங்க, "கொஞ்சம் பின்னால தள்ளிப் போயேன்"னாங்க. "மண்ணை எடுத்தவன் தள்ளிப் போகட்டும்"னுட்டா.

அப்புறம் விளக்குமாத்தைத் தூக்கிக்கிட்டுக் கடலுகிட்ட போனா. "ஏய், என் மண்ணை வை!"

கடலு சொல்லுச்சு, "எடுக்கிறதும் நான்தான், புதுசு வந்தா போடுறதும் நான்தான். இப்போ புதுசு வரலையே. ஆத்தைப் போய்க் கேளு."

அப்போ தொம் தொம்முன்னு நடந்து ஆத்துகிட்ட போனா. ஆறு அழாத குறை. "நான் என்னம்மா பண்ணுவேன்? பாதி மணல் அணையில படுத்துத் தூங்குது, மீதியை லாரில வாரிட்டுப் போறாங்க. மலைகிட்ட இன்னும் கொஞ்சம் மண்ணு கேட்டுப் பாரு."

தூங்கிட்டியா?

ம்ம்.

எங்க தூங்குறே! அப்புறம் புஸ் புஸ்னு மூச்சு வாங்க மலை ஏறினா. மலை கண்ணைத் திறக்கவே அரை நாளாச்சு. "மண்ணுதானே? வெயில்லயும் மழையிலயும் பொடிஞ்சு பொடிஞ்சு தரேன். ஒரு பத்தாயிரம் வருஷம் இப்படி உக்காரு."

"அடப்பாவி, அதுவரைக்கும் நெத்திலி தாங்குமா!"

குடுகுடுன்னு இறங்கி வந்து பாத்தா, கடலு வாசப்படியையே தின்னுட்டு ஏப்பம் விடுது. பாவம், அவளுக்கு அழுகையே வந்துடுச்சு. "இதுவரைக்கும் எடுத்தியே, அதெல்லாம் எங்கே வச்சே?"

"நான் எங்கே வச்சுக்கிறேன்? அலை வடக்கால தள்ளிட்டே போகும். எல்லாம் வடக்கூர்லதான் கெடக்குது."

சட்டுனு கண்ணைத் துடைச்சா. "எல்லாரும் வாங்கடா!"ன்னு ஒரு சத்தம். ஊரே கூடி, ஐலசா ஐலசான்னு கூரையைத் தோள்ல தூக்குச்சு. கூரை மேல கருவாட்டுக் கூடையோட அஞ்சலாட்சி! வடக்கூர் புது மணல்ல தொப்புன்னு இறக்கினாங்க.

வடக்கூர்க்காரங்க அலறி அடிச்சு ஓடி வந்தாங்க. "ஏம்மா, இது எங்க ஊரு!"

"ஊரு உங்களோடது. மண்ணு என்னோடது!"ன்னு சொல்லிட்டு, அவ பாட்டுக்கு நெத்திலியை விரிச்சுக் காயப்போட்டா.

கதை கரையேறிடுச்சு, நீ கண்ணை மூடு.