கரடிக் காவல்

“நான் இங்க எதுக்கு வந்தேன் மேடம்?” என்று கேட்டார் தணிகாசலம்.

பனி உடைக்கும் ஆராய்ச்சிக் கப்பலின் சாப்பாட்டு அறை. காலை ஏழு மணி. வடதுருவத்தின் கோடையில் காலைக்கும் மாலைக்கும் வெளிச்சத்தில் வித்தியாசம் கிடையாது. கடிகாரம் சொன்னால் நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜெனோவா ரொட்டியில் எலுமிச்சை ஊறுகாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

தணிகாசலத்துக்கு ஐம்பத்தொரு வயது. திருத்தணிப் பக்கம் ஒரு கல்லூரியில் இருபத்தாறு வருஷம் இயற்பியல் நடத்தியவர். இந்த வயதில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்துகொண்டு, கடற்பனியைப் படிக்கக் கிளம்பி வந்திருந்தார்.

ஜெனோவா தூத்துக்குடிக்காரர். முப்பத்தாறு வயது. பனிக்குழுவின் தலைவி, தணிகாசலத்தின் வழிகாட்டி. மாணவர் ஆசிரியரை மேடம் என்பார். ஆசிரியர் மாணவரை சார் என்பார். யாருக்கு யார் வாத்தியார் என்று முதல் வாரம் சமையல்காரருக்கே குழப்பம்.

தணிகாசலத்தின் குறை இதுதான்.

பனியில் இறங்கி வேலை செய்யும்போது கரடி வரலாம். வெள்ளைப் பனியில் வெள்ளைக் கரடி; பக்கத்தில் வந்த பிறகு பார்த்துப் பிரயோஜனமில்லை. அதனால் ஒருவர் துப்பாக்கியோடு காவல் நிற்க வேண்டும். கப்பல் இருக்கும் பக்கத்தை மேல்தளத்துக்காரர்கள் கவனித்துக்கொள்வார்கள். மற்ற மூன்று பக்கமும் காவல் நிற்பவர் பொறுப்பு. வேலை நடக்கும் இடத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். யாரோடும் பேச்சுக் கூடாது. அளக்கிற டேப்பைக்கூடத் தொடக் கூடாது.

கப்பல் புறப்படும் முன் எல்லோருக்கும் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். கல்லூரியில் என்.சி.சி. அதிகாரியாக இருந்த பழக்கத்தில் தணிகாசலம் ஐந்துக்கு ஐந்து சுட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அப்போது அந்த மனுஷருக்குத் தெரியவில்லை.

இதுவரை பதினோரு நாள் பனியில் இறங்கியாகிவிட்டது. பதினோரு நாளும் அவர்தான் காவல்.

மனைவி தினமும் மின்னஞ்சலில் இன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பார். ‘நின்றேன்’ என்று எழுதுவார். மறுநாளும் ‘நின்றேன்’. மூன்றாம் நாளோடு அந்த அம்மாள் கேட்பதை விட்டுவிட்டார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கல்லூரியில் பொன்னாடை போர்த்தி, போஸ்டர் அடித்து வழியனுப்பி வைத்திருந்தார்கள். இன்னும் இரண்டே நாள் பனி வேலை. அப்புறம் கப்பல் திரும்பிவிடும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊருக்குள் போவது?

“வாட்ச்மேன் வேலை பாத்துட்டு வந்தேன்னு சொல்லவா மேடம்?”

“கரடி வந்துச்சா சார்?”

“ஒண்ணுகூட வரல. வந்திருந்தாலாவது சொல்லிக்க ஏதாவது இருந்திருக்கும்.”

ஜெனோவா ரொட்டியை மென்று முடித்தார். தேநீரைக் குடித்து முடித்தார்.

“இன்னைக்குப் பனியில நீங்க துளை போடுங்க,” என்றார்.

“அப்ப காவல்?”

“நான் நிக்கேன்.”

படியிறங்கும் இடத்தில் ஒரு பலகை உண்டு. பனியில் இறங்குகிறவர்கள் தங்கள் பெயர் வில்லையை ‘கப்பலில்’ என்ற வரிசையிலிருந்து ‘பனியில்’ என்ற வரிசைக்கு மாற்ற வேண்டும். தணிகாசலம் முதல் ஆளாகத் தன் வில்லையை மாற்றினார்.

ஜெனோவா துப்பாக்கியை வாங்கிக்கொண்டு முப்பது அடி தள்ளிப் போனார். முதுகைக் காட்டி நின்றார்.

தணிகாசலம் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு பனியில் மண்டியிட்டார். கூட நான்கு பேர். துளைக் கருவி உறுமிக்கொண்டு இறங்கியது. உருளையாகப் பனித்தண்டு வெளியே வந்தது.

அதன் பிறகு ஓட்டம்தான். தண்டு வெளிக்காற்றில் கிடந்தால் அதன் வெப்பநிலை மாறிவிடும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சின்னத் துளை போட வேண்டும். வெப்பமானியைச் செருக வேண்டும். எண் நிலைத்ததும் உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு நிமிஷம் கவனம் பிசகினால் அந்தத் தண்டு வீண்.

ஒரு தண்டு முடிந்து அடுத்தது. அதுவும் முடிந்து இன்னொன்று. மூக்கு ஒழுகி மீசையில் உறைந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பசி தெரியவில்லை. நாலு மணி நேரம் எங்கே போனது என்றும் தெரியவில்லை.

கடைசித் தண்டைப் பையில் போட்டுக் கட்டியதும் தணிகாசலம் எழுந்தார். கூட இருந்தவர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். கால் மரத்துப்போயிருந்தாலும் கிட்டத்தட்ட ஓடியே போனார்.

ஜெனோவா நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். இமை முடியெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது.

தணிகாசலம் மூச்சுவிடாமல் சொன்னார். மூன்று தண்டு. நீளமானது ஒரு மீட்டர் எண்பத்து நாலு. ஒரு அளவுகூடத் தப்பவில்லை, ஒரு நிமிஷம்கூட வீணாகவில்லை. இப்படி ஒரு வேலையை வாழ்க்கையில் செய்ததே இல்லை என்றார்.

ஜெனோவா பனியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார்.

“எத்தனை தடவ நிமிந்து பாத்தீங்க சார்?”

“எதை மேடம்?”

“கரடி வருதான்னு.”

தணிகாசலம் வாயைத் திறந்தார். யோசித்தார். மறுபடியும் யோசித்தார். கரடி என்று ஒரு மிருகம் உலகத்தில் இருப்பதே நாலு மணி நேரமாக அவர் நினைவில் இல்லை.

“ஒரு தடவகூட இல்ல மேடம்.”

ஜெனோவாவின் கண் பனியை விட்டு நகரவில்லை.

“பதினோரு நாளா நானும் பாக்கல சார்,” என்றார்.

தணிகாசலம் அந்த மூன்று பக்கத்தையும் ஒரு தடவை பார்த்தார்.

“மத்தியானம் இன்னும் ரெண்டு தண்டு எடுக்கணும்,” என்றார் ஜெனோவா. “நீங்களே எடுங்க.”

தணிகாசலம் குனிந்து முழங்கால் பட்டைகளை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தார். துப்பாக்கியை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். பனிவெளியைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

“நீங்க போங்க மேடம். நான் இருக்கேன்.”