கோட்டைச்சாமியின் தட்டு

அன்று காலை மடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: குரு அருளம்பலம், சீடர் திருமேனி, சமையல் பவுனம்மாள், மடத்தை அண்டி வாழும் முதியவர்களில் ஆண்கள் நால்வர், பெண்கள் ஐவர். ஆகப் பன்னிரண்டு பேர். பத்தாவது முதியவரான கோட்டைச்சாமி வரவில்லை. அவர் சாப்பிட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது.

திருமேனிக்குக் குருவின் மேல்தான் சந்தேகம். எண்பது வயதுக்காரர்களைக் கீரை ஆய வைக்கிறார், துணி துவைக்க வைக்கிறார், உண்ட தட்டைத் தாங்களே கழுவச் சொல்கிறார். கல்நெஞ்சுக்காரரோ? அதில் மனம் நொந்துதான் கிழவர் பட்டினி கிடக்கிறாரோ?

கஞ்சியை எடுத்துக்கொண்டு கோட்டைச்சாமியின் அறைக்குப் போனார்.

"குடிங்க பெரியப்பா."

கிழவர் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தார். "இதுல என்ன கலந்திருக்கு?"

"உப்பு."

"நேத்து மத்தியானம் கதவோரம் நின்னு என் மூச்சைப் பார்த்தியே, அது எதுக்கு?"

"தூங்குறீங்களான்னு பார்த்தேன்."

"மழுப்பாதே. வைத்தியர் உன்கிட்ட என்ன சொன்னார்?"

"அவர் வந்தே ஒரு மாசம் ஆச்சு."

"அப்புறம் எதுக்குத் தம்பி, திங்கக்கிழமை என் தட்டை நீ கழுவினே?"

திருமேனிக்கு நினைவு வந்தது. அன்று கிழவரின் கை நடுங்கியது. இரக்கப்பட்டுக் கழுவிவிட்டார், அவ்வளவுதான்.

"வீரம்மா தட்டை அடுத்தவங்க கழுவினாங்க. ஆறாம் நாள் போயிட்டா. சன்னாசி தட்டையும் கழுவினாங்க. அவன் ஒன்பது நாள் இருந்தான். இந்த மடத்துல முடியாமப் படுத்தவன் தட்டைத்தான் பிறத்தியார் தொடுவாங்க. எனக்குக் கணக்குத் தெரியாதா? போறவனுக்குக் கஞ்சி ஒரு கேடா?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருமேனி கூடத்துக்கு ஓடிவந்து குருவிடம் எல்லாவற்றையும் சொன்னார். "இரக்கத்துலதான் கழுவினேன். நான் சொன்னா நம்ப மாட்டார். நீங்க வந்து சொல்லுங்க ஐயா."

குரு தம் இட்லித் தட்டோடு எழுந்தார். கோட்டைச்சாமியின் அருகே ஒரு காலை நீட்டி உட்கார்ந்து உண்டு முடித்தார்.

"அண்ணே, இன்னைக்கு எனக்கு முட்டி மடங்கலை. இந்தத் தட்டைக் கழுவித் தர்றீங்களா?"

கிழவர் மெல்லத் திரும்பினார். "நடிப்பா?"

"தொட்டுப் பாருங்க."

தொட்டே பார்த்தார். முட்டி வீங்கித்தான் இருந்தது.

"சாகப்போறவன்கிட்டயா வேலை சொல்றீங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணே. தட்டு காயுது."

கிழவர் முணுமுணுத்துக்கொண்டே கிண்ணத்தை எடுத்தார். "வெறும் வயித்துல நிக்க முடியாதுல்ல" என்றார், யாரோ கேட்டதைப் போல. கஞ்சியை முழுக்கக் குடித்தார். பிறகு குருவின் தட்டை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி தண்ணீர்த் தொட்டியை நோக்கி நடந்தார்.

நடுவழியில் நின்றார். கால்கள் ஆடின.

குருவின் அருகே நின்ற திருமேனி பாய்ந்தார். குரு அவர் மேல்துண்டைப் பிடித்து நிறுத்தினார்.

"விழுந்துட்டா, ஐயா?"

"தொட்டிக்குப் பதினெட்டு அடி. பதினொண்ணு நடந்துட்டார். நீ போய்த் தூக்கினா அந்தப் பதினொண்ணும் போயிடும்."

"நான் என்னதான் செய்யட்டும்?"

"பக்கத்துல போய் நில். கேட்டா மட்டும் கை கொடு. இன்னும் ஏழு."