வரப்பில் கொட்டிய மோர்

கொடுத்ததைக் குடிக்காமல் கொட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? இன்னாசிமுத்துவுக்கும் வந்தது. மூக்குக்கு மேல் வந்தது.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு உப்பளம். தவக்காலம் தொடங்கியதும் அதன் வாசலில் ஓலைப் பந்தல் போட்டு, உப்பு வாருகிற பெண்களுக்கு மோர் கொடுத்துவந்தார் அவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பங்குக் கோயிலில், ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பால் சபைக்குத் தலைவர். இறந்துபோன மனைவி பிலோமினாவின் பெயரைத்தான் பந்தலில் எழுதிக் கட்டியிருந்தார். உப்பளம் சம்பந்தி தனிஸ்லாஸுடையது, ஒரே மகள் பிரின்சியைக் கொடுத்த வீடு. மோருக்குத் தயிரும் அந்த வீட்டிலிருந்தே வந்தது.

இஞ்சி தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, தன் கையாலேயே ஊற்றிக் கொடுப்பார். பெண்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கணும் அண்ணாச்சி" என்பார்கள். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஒரு நாள் தம்ளர்கள் திரும்பி வரக் காணோமே என்று பின்னாலேயே போனார். உப்பு அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் ஐந்தாறு பெண்கள் நின்று மோரை வரப்பில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நாக்கை நனைக்க ஒரு வாய், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் மண்ணுக்கு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிஸ்டர் ஜெனோவா வகுப்பு எடுப்பார். திருச்சபையின் சமூகப் படிப்பினை. சிஸ்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முதல் பெஞ்சில் உட்காருகிற சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. அதனால் என்ன, வயதைப் பார்த்தா படிப்பு ஏறுகிறது? மனித மாண்பு, பொது நலன், தோழமை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார் இன்னாசிமுத்து. அன்றைக்கு வாயே திறக்கவில்லை. எல்லோரும் போன பிறகு எழுந்து வந்தார்.

"அந்தப் பந்தலப் பிரிச்சுப் போடப் போறேன் சிஸ்டர்."

"ஏன் ஐயா?"

"சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போயி மண்ணுல கொட்டுதாளுவ. எம் பொண்டாட்டி பேருல குடுக்கது சிஸ்டர்."

"ஏன் கொட்டுறாங்க?"

"அதத்தான் உங்ககிட்ட கேக்க வந்தேன்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பனா? 'மோரு நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி'ன்னு பல்லக் காட்டுதாளுவ. தயிரு புளிப்போன்னு வேற தயிரு வாங்கிப் பாத்தேன். வேதக்காரங்க குடுக்கதுன்னு யோசிக்காளுவளோன்னு பாத்தா, கொட்டுனதுல பாதிப் பேரு நம்ம கோயிலுக்கு வாற பங்குக்காரங்க. மண்ட வெடிக்கி. என்னதான் காரணம்?"

சிஸ்டர் பெஞ்சுகளை ஒதுக்கி வைத்தார். ஜன்னல்களைச் சாத்தினார்.

"நாளைக்குக் காலையில உப்பளத்துக்கு வாங்க ஐயா. மோரோட."

மறுநாள் மோரோடு போனார். சிஸ்டர் பெரிய தம்ளர் நிறைய ஊற்றி அவரிடமே நீட்டினார்.

"குடிங்க."

குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"தேவாமிர்தம்."

"இன்னொண்ணு."

குடித்தார். சிஸ்டர் மூன்றாவதையும் ஊற்றினார். இன்னாசிமுத்து அவர் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. சீடன் என்றால் சும்மாவா? அதையும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தள்ளினார்.

"இப்ப வாங்க. இன்னைக்கு முத்துப்பேச்சி பக்கத்துல நின்னு உப்பு வாருங்க. மத்தியானம் வரைக்கும்."

இதற்குத்தானா என்று இருந்தது அவருக்கு. வெயிலில் நிற்க வைத்துக் கஷ்டம் என்றால் என்னவென்று காட்டப் பார்க்கிறார். நாம் துறைமுகத்தில் பார்க்காத வெயிலா? வேட்டியை மடித்துக் கட்டினார்.

முத்துப்பேச்சி கடைசிப் பாத்தியில் நின்றாள். நாற்பது வயது இருக்கும். அண்ணாச்சி வாருபலகையைப் பிடித்த அழகைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிஸ்டரும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்துப் பாத்தியில் இறங்கினார்.

வெயில் ஏறியது. உப்பு கண்ணைக் குத்தியது. அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறொன்று. மூன்று தம்ளர் மோர் அடிவயிற்றில் வந்து நின்று கதவைத் தட்டியது.

கொஞ்ச நேரம் அடக்கினார். வாருபலகையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். ஒரு செபம் சொன்னார். செபத்துக்கு அடங்குகிற சமாச்சாரமா அது?

"சிஸ்டர், கொஞ்சம் அந்தப் பக்கம் போயிட்டு வாறேன்."

"எந்தப் பக்கம் ஐயா?"

இன்னாசிமுத்து சுற்றிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்தி. தட்டையாகக் கிடந்தது பூமி. ஒரு மரம் இல்லை, ஒரு செடி இல்லை. அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் லாரிக்காரர்கள். இந்தப் பக்கம் பெண்கள். மற்ற ஆண்கள் வாய்க்கால் ஓரம் முதுகைக் காட்டி நின்றுவிட்டு வருவார்கள். சபைத் தலைவர் அப்படி நிற்க முடியுமா? ஒரு கன்னியாஸ்திரியும் இத்தனை பெண்களும் பார்க்க?

அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

"ஏம்மா முத்துப்பேச்சி, நீங்கள்லாம் எங்க போவீய?"

முத்துப்பேச்சி சிரிக்கவில்லை. அவர் பார்த்து அவள் சிரிக்காமல் பேசியது அதுதான் முதல் தடவை.

"போறதில்ல அண்ணாச்சி."

"போறதில்லன்னா?"

"விடியமுன்ன வீட்டுல போறது. பொறவு வேல முடிஞ்சு வீட்டுக்குப் போயித்தான். தண்ணி குடிச்சாத்தான வரும்? குடிக்கதில்ல. எங்க அக்கா மக இப்படி அடக்கிவச்சே போன கோடையில ஒண்ணுக்கு ரத்தமாப் போயி ஆஸ்பத்திரியில கெடந்தா. இன்னும் எந்திரிக்கல."

"இத எங்கிட்டச் சொல்லப்படாதா? மோரு வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"உங்க மனசு நோவும்லா. செத்த பொண்டாட்டி பேருல ஆசையாக் கொண்டாந்து குடுக்கீய. எப்படி வேண்டாங்கது?"

அதற்கு மேல் அவரால் நிற்கவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. முத்துப்பேச்சிக்குப் புரிந்துவிட்டது. மற்ற பெண்களைப் பார்த்து ஏதோ குரல் கொடுத்தாள். எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து, அவருக்கு முதுகைக் காட்டி, தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். சிஸ்டரும் போய் அந்த வரிசையில் நின்றுகொண்டார்.

அந்த மறைப்புக்குப் பின்னால் இன்னாசிமுத்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சாயங்காலமே சம்பந்தி வீட்டுக்குப் போனார். தனிஸ்லாஸ் ஊஞ்சலில் இருந்து எழுந்து வரவேற்றார்.

"வாங்க சம்பந்தி. தயிரு பத்தலையோ? நாளையிலேருந்து கூட அனுப்பச் சொல்லுதேன்."

"தயிரு வேண்டாம் சம்பந்தி. அளத்துல பொம்பளையளுக்கு ஒரு கக்கூஸ் வேணும்."

தனிஸ்லாஸ் சிரித்தார். "உப்பளத்துல கக்கூஸா? இன்னைக்கு அதக் குடுத்தா நாளைக்குக் கட்டிலு கேப்பாளுவ. யாரு தூண்டிவிட்டா? அந்த சிஸ்டரம்மாவா?"

"நானே ஒரு நாளு நின்னு பாத்தேன்."

"சம்பந்தி." சிரிப்பு நின்றுவிட்டது. "உங்க மக இந்த வீட்டுல இருக்கா. அத மறந்துட்டுப் பேசாதீய."

அடுக்களை வாசலில் பிரின்சி நின்றுகொண்டிருந்தாள். வந்து காபித் தட்டை அவர் முன்னால் வைத்தாள். இன்னாசிமுத்து காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். மறுநாளில் இருந்து தயிர் வரவில்லை.

சம்பந்தி வீட்டிலிருந்து நேரே சிஸ்டர் தங்கியிருக்கிற மடத்துக்குப் போனார்.

"கேட்டேன் சிஸ்டர். மகளச் சொல்லி மிரட்டுதாரு. தாயில்லாப் பிள்ள. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"யாருக்காகக் கேட்டீங்க?"

"அந்தப் பொம்பளையளுக்காகத்தான்."

"நீங்க கேட்டப்ப அவங்க எங்க இருந்தாங்க?"

இன்னாசிமுத்து சைக்கிளைத் திருப்பினார்.

முத்துப்பேச்சியின் வீட்டு வாசலில் நின்று நடந்ததைச் சொன்னார். எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்டால் என்ன என்றார். முத்துப்பேச்சி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எங்கள விட்டுருங்க அண்ணாச்சி. நீங்க பெரிய மனுசரு, கேட்டுட்டுப் போயிருவீய. நாங்க மறுநா எங்க போயி நிக்க? உங்களுக்குக் கைவிட்டுப் போறதுக்கு என்ன இருக்கு?"

"எம் மக இருக்கா" என்றார் இன்னாசிமுத்து. "அந்த வீட்டுலதான் இருக்கா. அத வச்சுத்தான் மிரட்டுதாரு. எனக்கும் ஒதறலாத்தான் இருக்கு."

முத்துப்பேச்சி கையை இறக்கினாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"குடிங்க. நான் மத்தவளுவகிட்டப் பேசுதேன்."

சனிக்கிழமை வேலை முடிந்ததும் பெண்கள் எல்லோரும் அளத்து ஆபீஸ் முன்னால் போய் நின்றார்கள். இன்னாசிமுத்துவும் போனார். முன்னால் நிற்கவில்லை. முத்துப்பேச்சிக்கும் இன்னொருத்திக்கும் நடுவில் நின்றார். பேசியது முத்துப்பேச்சி. கக்கூஸ் வேண்டும் என்றாள். கதவு வேண்டும், உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும், அதுவரை திங்கட்கிழமையில் இருந்து அளத்தில் இறங்கமாட்டோம் என்றாள்.

தனிஸ்லாஸ் அவளைப் பார்க்கவே இல்லை.

"சம்பந்தி, அங்க என்ன நிக்கீய? இங்க வாங்க. வந்து நாற்காலியில உக்காருங்க. நம்ம பேசிக்கிடுவோம்."

பெண்கள் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். போய் உட்கார்ந்தால் மகளுக்கு நிம்மதி. கூப்பிடுகிறவரும் அந்நியர் இல்லை, கல்யாணப் பந்தலில் கட்டிப்பிடித்துச் சம்பந்தம் செய்தவர். இன்னாசிமுத்து நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"இருக்கட்டும் சம்பந்தி. அவங்க கேட்டதுக்குப் பதிலச் சொல்லுங்க."

தனிஸ்லாஸ் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை யாரும் இறங்கவில்லை. செவ்வாயும் இறங்கவில்லை. பாத்தியில் உப்பு விளைந்து கிடந்தது, வாருவதற்கு ஆள் இல்லை. அந்த வாரக் கடைசியில் லாரியில் செங்கல் வந்து இறங்கியது. உப்பு வீணாகிறதே என்றுதான் தனிஸ்லாஸ் அனுப்பியிருக்க வேண்டும், கடவுளுக்கே வெளிச்சம். சம்பந்தி மனசு மாறவில்லை. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் எதிரே பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். மகளைப் பார்க்க இன்னாசிமுத்து இப்போது அந்த வீட்டுப் படியேற முடியாது. பிரின்சிதான் பூசைக்கு வரும்போது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறாள்.

கட்டி முடித்துக் கதவும் மாட்டியான பிறகு, இன்னாசிமுத்து தன் கைக்காசில் தயிர் வாங்கி மறுபடியும் மோர் கரைத்தார். சிஸ்டரும் வந்து பந்தலில் நின்றார். பெண்கள் வந்தார்கள். ஒருத்தி அங்கேயே அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். அடுத்தவளும் குடித்தாள். முத்துப்பேச்சி பாதி குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்ன அண்ணாச்சி இது? வெறும் தண்ணியாட்டம் இருக்கு. நாளைக்கு ஒழுங்காக் கரைச்சுக் கொண்டாங்க."

இன்னாசிமுத்துவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "இத்தன நாளும் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொன்னாவ சிஸ்டர். இப்பத்தான் குடிச்சுட்டுக் குறை சொல்லுதாவ" என்று சிரித்தார்.

பானை காலியானது. பெண்கள் பாத்திக்குத் திரும்பினார்கள். சிஸ்டர் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தார்.

"ஒண்ணு கேக்கணும் சிஸ்டர்."

"கேளுங்க ஐயா."

"நான் வந்து கேட்டன்னைக்கே உங்களுக்குக் காரணம் தெரியும்லா?"

"தெரியும்."

"பொறவு என்ன? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? இந்த வயசுல என்னய மோரக் குடிக்க வச்சு, உப்பளத்துல நிக்க வச்சு..."

சிஸ்டர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா இரக்கப்பட்டதோட நின்னிருப்பீங்க, ஐயா."